துடுப்புக் கையுறை

குளிர் நம் நாட்டுக்கு விருந்தினனாக வருவது. வந்த சில நாளிலேயே விடைபெற்றுச் செல்வது. மார்கழித் திங்களில், கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடிக்கொண்டு வைகறையில் தெருத்தெருவாய்ச் செல்லும் பிள்ளைகள் போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொள்வர். கதிரவன் பனைமரத்தின் தலைக்குமேல் வருமுன் அப்போர்வை தோளினின்றும் இறங்கிவிடும். யாம் அறிந்திருந்த குளிர் அவ்வளவே. ஆதலின், சென்ற ஆண்டு மாணவர் பரிவர்த்தனை ஏற்பாட்டின்படி ஒரு பருவம் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள டர்ஹம் நகரில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தபொழுது, குளிரைப்பற்றி எம்மினும் மிகுதியாகக் கவலையுற்றவர் எம் அன்னையாரே. அவர் எம் பெட்டியில் முதலில் வைத்தது புத்தகம் அன்று, ஊறுகாயும் அன்று, ஒரு குரங்குக் குல்லாயும் கம்பளிக் கையுறை ஒரு சோடியுமே.

அவற்றைத் திண்ணையிலிருந்து நோக்கிக்கொண்டிருந்த எம் பாட்டனார் சிரித்தார். அவர் நாற்பது ஆண்டுகள் பனையேறியவர். கால்களில் தளைநார் பூட்டி, வெறுங்கைகளால் மரத்தைத் தழுவி, பதநீர்க் காலத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். அவருடைய உள்ளங்கை பனையின் புறத்தையே ஒத்திருக்கும். எம் தந்தையார் வேலைக்குச் சென்ற முதல் ஆண்டில், தகப்பனாரின் கை படும் பாட்டைக் காணப் பொறாது, நகரத்திலிருந்து தோற்கையுறை ஒரு சோடி வாங்கிவந்து கொடுத்தாராம். பாட்டனார் அதனை ஒரே ஒரு நாள் அணிந்து, ஒரே ஒரு மரம் ஏறி, இறங்கியதும் கழற்றி வேலியில் மாட்டிவிட்டார். “கையில உறையை மாட்டினா மரம் பேசுறது கைக்குக் கேக்காது” என்பது அவர் கூறிய காரணம். பின்னர் அக்கையுறை உடைமுள் வெட்டுவதற்குப் பயன்பட்டது. இக்கதையை எம் வீட்டில் நகைப்புக்காகவே கூறுவர். யாமும் பன்முறை நகைத்ததுண்டு. அதன் பொருள் எமக்கு விளங்குதற்குக் கடல் கடந்து செல்லவேண்டியிருந்தது.

டர்ஹம் நகரின் பழம்பகுதியை வியர் என்னும் ஆறு குதிரைலாடம் போல வளைந்து மூன்று புறமும் சூழ்ந்தோடுகின்றது. அவ்வளைவின் நடுவே உயர்ந்த பாறையின்மேல், 1093ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய பேராலயம் நிற்கின்றது. ஆலயத்தை நோக்கிய கண்கள் தாழ்ந்தால் ஆற்றை நோக்கும். ஆற்றில் எந்நேரமும் நீண்டு மெலிந்த படகுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். 1834ஆம் ஆண்டிலேயே தொடங்கிய படகுப் பந்தயம் ஒன்று அந்நகருக்கு உண்டு. கல்லூரிதோறும் படகுச் சங்கம் உண்டு. அக்டோபர்த் திங்களில் புதிய மாணவர்களைச் சங்கத்தார் வலிய அழைத்துத் துடுப்புப் பிடிக்கக் கற்பிப்பர். “நீந்தத் தெரியுமா?” என்று எம்மை வினவினர். தோட்டக் கிணற்றில் குதித்துப் பழகிய துணிவில், “நன்றாகத் தெரியும்” என்றோம். அன்றே எம் பெயர் பட்டியலில் ஏறிற்று.

அப்படகைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எண்மர் வலிக்கும் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது; அகலமோ ஒருவர் இடுப்புக் கொள்ளும் அளவே. பன்னாட்டுப் பந்தய விதிப்படி அதன் எடை 96 கிலோவிற்குக் குறையலாகாது. எட்டுப்பேரைச் சுமக்கும் மரக்கலம் பருத்த ஒருவரின் எடையளவே நிற்பது எமக்கு வியப்பாயிருந்தது. வலிப்பவர் எண்மரும் படகு செல்லும் திசைக்கு முதுகுகாட்டி அமர்வர். முன்னே செல்லும் வழியைக் காண்பவர், கடைசியில் எம்மை நோக்கி அமர்ந்து சுக்கான் கயிற்றைப் பிடிக்கும் ஒருவரே. அவரைக் ‘காக்ஸ்’ என்பர். இருக்கைகள் சிறு சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் ஓடும். ஆகவே, பார்ப்பவர் எண்ணுவதுபோல வலிமை கையினின்றும் பிறப்பதன்று. தொடையிலும் முதுகிலும் பிறப்பது. கை வெறும் கொக்கியே. ஆயின் அக்கொக்கிக்கு நுட்பமான வேலை ஒன்று உண்டு.

துடுப்பு ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமுடையது. அதன் அலகு நீரினுள் இருக்கும்பொழுது செங்குத்தாக நிற்றல் வேண்டும். நீரைவிட்டு எழுந்ததும் காற்றை எதிர்க்காதபடி படுக்கையாகத் திரும்புதல் வேண்டும். ஒரு நிமிடத்தில் இருபது முறைக்கு மேலும் இது நிகழும். கைப்பிடியின் முனையிலுள்ள வெளிக்கை துடுப்பை இழுக்கும். அதற்குச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் உட்கை துடுப்பைத் திருப்பும். யாம் ஐந்தாம் இருக்கையில் அமர்ந்தோம். எமக்கு இடக்கையே உட்கை. அலகு நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதை எம் கண் காணாது. இடக்கையின் விரலடியே உணர்தல் வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றினால் முன்னங்கை விரைவில் மரத்துப்போகும். தளர விட்டால் துடுப்பு நழுவும். இரண்டிற்கும் இடைப்பட்ட பிடியைக் கற்பிப்பதிலேயே எம் ஆசிரியராகிய மூத்த மாணவர் முதற்றிங்கள் முழுவதையும் செலவிட்டார்.

அத்திங்களில் எம் கைகள் பட்ட பாட்டை விரித்தல் வேண்டா. விரலடி ஒவ்வொன்றிலும் கொப்புளம் எழுந்தது, உடைந்தது, உடைந்த இடத்தில் மறுபடியும் எழுந்தது. எழுதுகோல் பிடித்து மட்டும் பழகிய கை அஃது. புண்ணைக் கழுவித் தூய்மையாக வைத்தலும், தோலைப் பிய்க்காதிருத்தலும், வேண்டுமாயின் மெல்லிய ஒட்டுத்துணி சுற்றுதலும் ஆகிய முறைகளைப் பிறர் கற்பித்தனர். ஒரே கைப்பிடியைப் பலர் பற்றுதலின், படகை எடுத்துவைக்கும்பொழுது கைப்பிடிகளைக் கழுவித் துடைக்கும் வழக்கமும் அங்கு உண்டு.

நவம்பர்த் திங்கள் வந்தது. அந்நாட்டின் வடபகுதியில் குளிர்காலத்துப் பகற்பொழுது மிகக் குறுகியது. டிசம்பரில் காலை எட்டுமணிக்கு மேலேயே கதிரவன் எழுவான். மாலை நான்கு மணிக்குமுன் மறைந்துவிடுவான். வகுப்புகளுக்கு இடையூறு இல்லாமற் படகு வலிக்க வேண்டுமாயின், பெரும்பாலும் இருள் பிரியும் நேரத்திலேயே வலித்தல் வேண்டும். புல்லெல்லாம் வெண்பனி பூத்திருக்கும். ஆற்றினின்றும் ஆவி எழும். படகேறும் மரத்துறையில் பனி உறைந்து வழுக்கும். அத்தகைய ஒரு காலையில், அன்னையார் அளித்த கம்பளிக் கையுறையைப் பெருமிதத்துடன் அணிந்துகொண்டு யாம் படகிலேறினோம். எமக்குமுன் ஆறாம் இருக்கையிலிருந்த நண்பர் திரும்பி எம் கையை நோக்கினார், ஏதோ கூறவந்தார், அதற்குள் காக்ஸின் கட்டளை பிறந்துவிட்டது.

முதற் பத்து நிமிடம் கை இன்பமாக இருந்தது. பின்னர்த் துளித்துளியாய்த் தெறித்த நீரைக் கம்பளி குடிக்கத் தொடங்கிற்று. நனைந்த கம்பளிக்குள்ளே கை நழுவிற்று. கம்பளியோ கைப்பிடியின்மேல் நழுவிற்று. நழுவாதிருத்தற்பொருட்டு இறுகப் பற்றினோம். பற்றப் பற்ற முன்னங்கை கல்லாயிற்று. துடுப்பு எவ்வாறு நிற்கிறது என்னும் உணர்வு எமக்கு அடியோடு அற்றுப்போயிற்று. ஒரு முறை அலகு சாய்ந்தவாறே நீரிற் புகுந்தது. புகுந்தது ஆழத்திற் சென்று சிக்கிக்கொண்டது. ஓடுகின்ற படகின் விசை முழுவதும் அத்துடுப்பின் வழியே எம்மேற் பாய்ந்தது. கைப்பிடி எம் மார்பில் அறைந்து எம்மை மல்லாக்கத் தள்ளிற்று. இதனை அந்நாட்டார் ‘நண்டு பிடித்தல்’ என்பர். எம்மைப் பிடித்தது நண்டன்று, முதலை!

படகு ஒருபுறம் சாய்ந்து, பனிநீரை வாரிக்கொண்டு, நின்றுவிட்டது. கவிழாதது கடவுளின் கருணை. எம்பொருட்டு எண்மரும் இடுப்புவரை நனைந்தனர். ஒருவரும் எம்மை வைதிலர், வைதிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் வலித்துத் திரும்பினோம். துறையை அடையுங்கால் எம் விரல்கள் வெண்மெழுகின் நிறமுற்றிருந்தன. அவை எம்முடையன என்னும் உணர்ச்சியே இல்லை. சட்டையின் இழுப்பானைத் திறக்கவும் எமக்கு ஆற்றல் இல்லை. ஆறாம் இருக்கை நண்பர் தம் கையால் அதனைத் திறந்துவிட்டார். பத்தொன்பது வயதில், பிறர் சட்டை கழற்றிவிட நிற்பது நாணத்தக்கதே.

படகுக் கொட்டகையில் முதியவர் ஒருவர் இருந்தார். படகுகளைச் செப்பனிடுதல் அவர் தொழில். அவ்வூர் முதியோர் இளைஞரை ‘மகனே’ என்று விளிப்பது வழக்கம். வெப்பமூட்டும் பொறியை நோக்கி யாம் விரைந்ததைக் கண்ட அவர், “நில், மகனே! உணர்ச்சியற்ற கைக்குச் சூடும் தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. தேய்க்கவும் செய்யாதே. இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொள்” என்றார். அவ்வாறே செய்தோம். கால்மணி நேரத்தில் விரல்களில் உயிர் திரும்பிற்று. திரும்பும்பொழுது அஃது ஊசியாய்க் குத்திற்று. கண்ணீர் வந்தது. நோவினாலா, தோழர்களை நனைத்த வெட்கத்தினாலா என்பதை இன்றும் யாம் பிரித்தறியோம்.

அன்றிரவே நூலகத்திற் புகுந்து, குளிரில் கை படும் பாட்டின் காரணத்தைத் தேடினோம். உடல் குளிருறும்பொழுது, நெஞ்சு மூளை முதலிய உள்ளுறுப்புகளைக் காத்தற்பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொள்ளுகின்றது. விரல்களுக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. 1930ஆம் ஆண்டில் தாமஸ் லூயிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவ அறிஞர் விரல்களைப் பனிக்கட்டி நீரில் வைத்து ஆராய்ந்து, சுருங்கிய குழாய்கள் சில நிமிடங்கழித்து மறுபடியும் திறந்து, பின்னும் சுருங்கி, இவ்வாறு மாறிமாறி இயங்குதலை எடுத்துக் காட்டினார். ஆயினும் அவ்வுதவி எல்லார்க்கும் ஒரே அளவிற் கிட்டுவதன்று. மேலும், விரலை மடக்கும் தசைகளிற் பெரியவை விரலில் இல்லை, முன்னங்கையில் உள்ளன. ஆதலின் முன்னங்கை குளிர்ந்தாலும் விரல் வலியிழக்கும். படகு வலிப்போனுக்கு இவற்றோடு வேறு இரண்டு பகைகளும் உண்டு. ஒன்று, நீர், அது காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவில் உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். மற்றொன்று, காற்று, காற்றடியாத நாளிலும் ஓடும் படகு தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காலும் முதுகும் உழைத்து வியர்த்திருக்க, கை ஒன்றே அக்காற்றின் நடுவே ஈரத்துடன் நிற்கும்.

இக்கையைக் காப்பது எவ்வாறு? உறை அணிந்தால் துடுப்பை உணர இயலாது. அணியாவிட்டால் கையையே உணர இயலாது. இவ்விடுக்கணுக்கு அந்நாட்டார் கண்ட வழியை மறுநாள் அம்முதியவர் எமக்குக் காட்டினார். துணிப்பை போன்ற ஒரு சோடியை எடுத்து எம் கையிற் கொடுத்து, “இவை போகி” என்றார். போகி என்றதும் எமக்குப் பொங்கலுக்கு முந்தின நாளும், தெருவில் எரியும் பழம்பாயும் நினைவுக்கு வந்தன. சிரித்துவிட்டோம். எம் சிரிப்பின் காரணத்தை விளக்கியபொழுது அவரும் சிரித்து, “இங்கும் குளிரை எரிக்கத்தான்” என்றார்.

போகியின் அமைப்பு மிக எளியது. கையுறை கையை மட்டும் மூடும்; போகி கையையும் கைப்பிடியையும் சேர்த்து மூடும். கைப்பிடி நுழைதற்கு அதன் பக்கங்களில் துளை உண்டு. மணிக்கட்டு நுழைதற்கு ஒரு வாய் உண்டு. முதலில் அதனைத் துடுப்பிற் கோத்துவிட்டுப் பின் வெறுங்கையை அதன் வாய்வழியே உள்ளே விடுதல் வேண்டும். உள்ளே தோல் கைப்பிடியையே தொடும். வெளியே காற்றும் நீரும் தடைப்படும். எண்மர் படகில் உட்கைக்குரிய போகிக்கு இருபுறமும் துளை வேண்டும். ஏனெனில் கைப்பிடி அக்கைக்கு அப்பாலும் நீண்டு செல்லும். இருகைக்கும் இரு சிறு துடுப்புப் பிடித்து வலிப்போர்க்கு ஒருபுறத்துளையே போதும். கைப்பிடியின் முனை அவர் பெருவிரலின் அருகிலேயே முடிந்துவிடுதலின், மறுபுறம் மூடியிருக்கும். சில போகிகள் காற்றுப்புகாத மெல்லிய நைலான் துணியால் ஆனவை. சில உட்புறம் பஞ்சுபோன்ற பிளீஸ் துணி வைத்தவை. சில நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. இவற்றுள் எதுவாயினும் முறை ஒன்றே. கைக்கும் துடுப்புக்கும் நடுவே நூலிழையும் புகுவதில்லை.

அதனை அணிந்து முதன்முறை வலித்தபொழுது எமக்கு உண்டான உணர்ச்சியை என்னென்பது! குளிர் முற்றும் நீங்கிவிடவில்லை. ஆயின் விரல்கள் வேலை செய்தன. அலகு திரும்புவதும், நீரைப் பற்றுவதும், விடுவதும் இடக்கையின் அடியில் எழுத்தெழுத்தாய்த் தெரிந்தன. அப்பொழுதுதான், வேலியில் மாட்டிய தோற்கையுறையும், “மரம் பேசுறது கைக்குக் கேக்காது” என்ற சொல்லும் எம் நினைவில் எழுந்தன. எம் வீட்டில் மூன்று தலைமுறையாக நகைப்புக்கிடமான கதை, அந்தப் பனிமூடிய ஆற்றின் நடுவே நகைப்பை இழந்தது.

இது நிற்க. குளிரில் படகு வலிப்போர் அணியும் பிற ஆடைகளையும் குறித்தல் தகும். தடித்த ஒரே சட்டையினும் மெல்லிய இரண்டு மூன்று சட்டைகளே சிறந்தவை. வியர்க்குங்கால் ஒன்றைக் கழற்றலாம். உடலையொட்டிய சட்டை வியர்வையை வெளியே கடத்துவதாயிருத்தல் வேண்டும். பருத்தி நம் நாட்டில் அரசி. அந்நாட்டின் ஆற்றிலோ பகைவி. ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். ஆடை எதுவாயினும் தொளதொளத்தல் கூடாது. தொங்கும் சட்டையில் துடுப்பின் முனையோ கட்டைவிரலோ சிக்கும். பின்புறம் தொங்கினால் இருக்கையின் சக்கரத்தில் அகப்படும். படகைத் தூக்கி நீரில் விடுதற்கு முழங்கால் வரையுள்ள ரப்பர்ச் செருப்பு அணிந்து, அதனைக் கரையிலேயே விட்டுச் செல்வர். உலர்ந்த மாற்றுடை கொட்டகையிற் காத்திருக்கும்.

எம் அன்னையாரின் குரங்குக் குல்லாய்க்கு நேர்ந்த பெருமையையும் சொல்லவேண்டும். படகில் யாவரினும் மிகுந்த குளிர் படுபவர் காக்ஸே. மற்றவர் உழைத்து வெப்பமடைவர். அவரோ அசையாது அமர்ந்து வாயால் மட்டும் உழைப்பவர். எம் காக்ஸ் ஐந்தடி உயரமுள்ள ஒரு நங்கை. ஒருநாள் அவர் பற்கள் தாளமிடக் கட்டளையே குழறிப்போயிற்று. யாம் அன்றே குரங்குக் குல்லாயை அவருக்கு ஈந்தோம். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் தெரிய அவர் அதனை அணிந்து அமர்ந்த காட்சியைக் கண்டு எதிர்ப்படகினர் வலிப்பதை மறந்தனர். ஆயின் அதன் சிறப்பை அறிந்தபின், “இது எங்கே கிடைக்கும்?” என்று எம்மை வினவாதார் இலர். செய்தியைத் தொலைபேசியிற் கேட்ட அன்னையார், “நான் சொன்னேன் அல்லவா?” என்றார்.

இவையெல்லாம் வசதிக்காக மட்டும் அல்ல. நீரின் வெப்பநிலை 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருக்கும்பொழுது திடீரென அதில் விழுந்தால் மூச்சுத் திணறும். தம்மையறியாமலே வாய் திறந்து நீரை உள்வாங்குவர். முதல் நிமிடம் மூச்சை அடக்கி நிலைப்படுத்தற்குரியது; அடுத்த பத்து நிமிடமே கைகால் பயன்படும் காலம் என்று அங்குக் கற்பிக்கின்றனர். கிணற்று நீச்சல் அவ்விடத்துத் துணையாகாது. ஆதலின் கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தலாகாது, படகே தெப்பம். படகிற் பொருத்திய செருப்புகளின் குதிகாலைக் கயிற்றாற் கட்டியிருப்பர். கவிழுங்கால் காலை இழுத்தால் செருப்பு உடன்வாராது கால் மட்டும் கழன்றுவரும். போகியும் தளர்ந்தே இருத்தல் வேண்டும். கை நொடிப்பொழுதில் வெளிவரல் வேண்டும். புதியோர் துறையருகே அதனைப் பழகியபின்னரே நடு ஆற்றிற்குச் செல்லுதல் நன்று. இவ்வெச்சரிக்கைகள் தேர்ந்தோர்க்கும் வேண்டும். தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் நடத்தும் பெயர்பெற்ற பந்தயத்திலேயே, 1912ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் படகு மூழ்கிற்று. ஆக்ஸ்போர்டு படகும் நீர் நிறைந்து கரையொதுங்கிற்று. பந்தயத்தை மறுபடியும் நடத்தினர். 1978ஆம் ஆண்டிலும் கேம்பிரிட்ஜ் படகு மூழ்கிற்று. குளிர்நீருக்குப் பல்கலைக்கழகத்தின் பெருமை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேராலயத்திற்குச் செல்வோம். அங்கே 7ஆம் நூற்றாண்டுத் துறவியாகிய கத்பர்ட் என்பாரின் கல்லறை இருக்கின்றது. அவர் வரலாற்றை எழுதிய பீட் என்னும் பெரியாரும் அவ்வாலயத்திலேயே துயில்கின்றார். கத்பர்ட் இரவில் கழுத்தளவு கடல்நீரில் நின்று செபித்தார் என்றும், வைகறையில் அவர் கரையேறியபொழுது நீர்நாய்கள் இரண்டு பின்தொடர்ந்து வந்து, மூச்சால் அவர் பாதங்களை வெதுப்பி, தம் மயிரால் ஈரம் துவட்டின என்றும் பீட் உரைக்கின்றார். விரல் மரத்த வாரத்தில் அக்கல்லறையின்முன் நின்றபொழுது அக்கதை எமக்குப் புதிதாகத் தோன்றிற்று. அவ்வுயிர்கள் துறவியைக் கடலிற் செல்லாவண்ணம் தடுக்கவில்லை; சென்று மீண்ட பாதங்களைப் பேணின. பாதுகாப்பு என்பது இவ்வாறும் இருக்கலாம் போலும் என்று எண்ணினோம்.

டிசம்பர்த் தொடக்கத்தில் எம் கைகளிற் கொப்புளம் நின்று காய்ப்பு எழுந்தது. கொட்டகையில் எண்மரும் வட்டமாக அமர்ந்து உள்ளங்கைகளை விரித்து ஒப்பிடுவது நாள்தோறும் நிகழும் விளையாட்டு. எவர் காய்ப்புத் தடித்ததோ அவர்க்குப் பெருமை. அளவிற்கு மிஞ்சித் தடித்தால் அது பிய்ந்துபோகும் என்பதால், குளித்தபின் நுரைக்கல்லால் தேய்த்துச் சமன்செய்யும் வழக்கமும் உண்டு. ஒருநாள் எம் கையே முதலிடம் பெற்றது. தோழர்கள் ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்தின் நடுவே எம் நெஞ்சில் ஒன்று தைத்தது.

யாம் ஏழாம் வகுப்பிற் படித்தபொழுது பள்ளியில் பரிசளிப்பு விழா நடந்தது. தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு பெற்று மேடையினின்றும் இறங்கினோம். பாட்டனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எம் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். சுற்றி நண்பர்கள் நின்றனர். அவருள் ஒருவன் அக்கைகளை உற்றுநோக்கினான். “கை குத்துது தாத்தா, விடுங்க” என்று கூறி யாம் எம் கையை உருவிக்கொண்டோம். அவர் ஒன்றும் கூறவில்லை. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவ்வளவே நடந்தது. அதனை யாம் மறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். ஆறு திங்கள் போட்டிக்காக எழும் காய்ப்பைப் பெருமையென்று பாராட்டும் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்பொழுது, நாற்பது ஆண்டு பிறர் பசிதீர எழுந்த காய்ப்பைக் கண்டு யாம் கூசியது எமக்கு முழுமையாக விளங்கிற்று. அக்கையே எம் தந்தையாரைப் படிக்கவைத்தது. அவர் எம்மைப் படிக்கவைத்தார். எம் கை மெல்லியதாயிருந்தது அக்கையின் செலவிலே.

பருவம் முடிந்து, கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு நாள் இருக்க, ஊர் வந்து சேர்ந்தோம். விடைபெறும்பொழுது அம்முதியவர் தாம் பயன்படுத்திய பழம்போகி ஒரு சோடியை எமக்கு அளித்திருந்தார். பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் பனையேறுதலை விட்டுப் பத்தாண்டுகள் ஆயின. காய்ப்புகள் தேய்ந்து, தோல் சுருங்கி, கை சற்றே நடுங்குகின்றது. யாம் சென்று அவர் கையைப் பற்றினோம். வழக்கம்போல் அவர் தாமே முதலில் விட்டுவிட முயன்றார். யாம் விடவில்லை. அவர் பெருவிரல் எம் விரலடிகளை ஒவ்வொன்றாகத் தடவிற்று, நின்றது, மறுபடியும் தடவிற்று.

“கை காய்ச்சிருக்கேல! எந்த மரம் ஏறின?” என்றார்.

படகையும் துடுப்பையும் போகியையும் விளக்கினோம். போகியைத் தம் கையில் வாங்கி, துளைகளிற் கைவிட்டுப் பார்த்து, அருகிலிருந்த ஊன்றுகோலில் அதனைக் கோத்து, உள்ளே கைவிட்டுக் கோலைப் பற்றிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் கூறாதிருந்தார். பின்னர், “இப்படி ஒண்ணு உங்க அப்பன் வாங்கிட்டு வந்திருந்தா வேலியில மாட்டிருக்கமாட்டேன்” என்றார். பழைய பரிசளிப்பு விழாவைப்பற்றி யாம் கூற எண்ணிய சொற்கள் பல. அவற்றை வழியெல்லாம் வானூர்தியிற் கோத்துவைத்திருந்தோம். ஒன்றும் வாயில் வரவில்லை. அவருக்கு அது நினைவிருக்கிறதா என்பதையும் யாம் வினவவில்லை. கையை மட்டும் விடாதிருந்தோம்.

நம் கல்லூரி நண்பருள் எவரேனும் வருங்காலத்தில் குளிர்நாட்டு ஆறுகளில் துடுப்புப் பிடிக்கும் வாய்ப்புப் பெறுவாராயின், கம்பளிக் கையுறையைக் கரையில் விட்டுச் செல்க. போகி ஒரு சோடி தேடிக்கொள்க. அன்னையார் தரும் குரங்குக் குல்லாயை மட்டும் மறவாது எடுத்துச் செல்க. எம்முடைய போகி இப்பொழுது எம் வீட்டு அடுக்களையில் இருக்கின்றது. அடுப்பினின்றும் சோற்றுப்பானையை இறக்குதற்கு அதனைப்போல உதவுவது வேறொன்றில்லை என்பது எம் அன்னையாரின் துணிபு.